ஐம்பதைத் தாண்டிய கார்: ஓட்டுவதா, எடைக்குப் போடுவதா?

சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய வீடுகளின் பக்கத்துக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்திய ஓர் அம்பாசிடரோ பியட்டோ நிற்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். தகப்பனார் வாங்கிய வண்டி. அவர் இருந்தவரை ஓடியது. பிறகு பாட்டரி செத்தது, டயரில் காற்று இறங்கியது, சீட்டுக்குள் எலி குடியேறியது. இப்போது பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்து ஒரு விலை சொல்கிறார். கொட்டகை காலியானால் ஸ்கூட்டர் நிறுத்தலாமே என்று வீட்டில் பேச்சு.

அந்தப் பேச்சு முடிவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்துவிட்டனவா? கடந்திருந்தால் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய இரும்பு அல்ல. 'வின்டேஜ் மோட்டார் வாகனம்' என்ற பட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கூடியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள் அப்படிச் சொல்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் பதிவான அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸுக்கே உரியது என்று நாம் நினைத்திருந்த பட்டம், டாக்டர் வீட்டுக் காருக்கும் மண்டிக்காரர் வீட்டுக் காருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டம் திறந்த கதவு

விதியின் சாரம் இது. இரு சக்கர வண்டியானாலும் நான்கு சக்கர வண்டியானாலும், சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் தடவைக் கட்டணம் ரூ.20,000, பிறகு மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்தையடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் காலத்து எண் பலகையைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இந்தக் கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கும். வின்டேஜ் என்று பதிவு செய்த காரில் தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. கண்காட்சிக்கும், பழைய கார்களின் ஊர்வலத்துக்கும், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் இறக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வண்டியை வாடகைக்குக் கொடுத்து, அதில் வரும் பணத்தில் டயரும் பெயிண்டும் வாங்கி வண்டியைக் காப்பாற்றி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த விதி கைகொடுக்காது. பணக்காரரின் பொழுதுபோக்கை மனத்தில் வைத்து எழுதிய விதி என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வழி, சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டு போவது. சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் முடிந்த பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்ததே. அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆயிற்று, 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. செலவு அதிகம்தான், ஆனால் வண்டியை நினைத்தபோது எடுத்துக்கொண்டு காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரலாம். ஓடுகிற நிலையில் உள்ள காரை வைத்திருப்பவர், இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டே வின்டேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

என்ஜின் மாற்றிய வண்டிகளின் கதி பரிதாபமானது. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எத்தனையோ அம்பாசிடர்களிலும் பியட்டுகளிலும் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜின் ஏற்றினார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்று அதே மாற்றம் வின்டேஜ் பதிவுக்குக் குறுக்கே நிற்கிறது. கழற்றிய பழைய என்ஜின் கொட்டகை மூலையில் கிடந்தால், முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெயரும் பழமையும்

உலக வழக்கில் 'வின்டேஜ்' என்பது இன்னும் கறாரான சொல். பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று 1966 முதல் இயங்கி வருகிறது. அதன் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிதான் வின்டேஜ். அதற்கு முந்தியவற்றுக்கும் பிந்தியவற்றுக்கும் வேறு வேறு பெயர்கள். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நம் ஊர் அம்பாசிடர் வின்டேஜே அல்ல. கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்த வேற்றுமையைத் தெரிந்துவைத்திருந்தால் அங்கே யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள்.

மோட்டார் வண்டி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சித்தூர் சென்னை ராஜதானியில் இருந்த நாளிலேயே, 1903-ல், சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் காரைக் கட்டி ஓட்டினார். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-ல் திறக்கப்பட்டபோது, அதுவரை காலால் ஏறிய மலையில் மோட்டாரும் ஏறிற்று. அந்த ஏற்றங்களில் ரேடியேட்டர் கொதித்து, ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட டிரைவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம் இருந்திருப்பார்கள்.

நம் கொட்டகைகளில் நிற்பவை பெரும்பாலும் மூன்று ஜாதி. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்த அம்பாசிடர், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் நின்றது. பம்பாயில் செய்த பியட், பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி 2000 வாக்கில் ஓய்ந்தது. அதன் கடைசி டாக்சி மும்பை தெருக்களிலிருந்து விடைபெற்றது 2023 அக்டோபரில். மூன்றாவதுதான் நம்மூர்ப் பிள்ளை. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த உடல். முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சந்தில் வண்டியைத் திருப்புவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. 1970-களில் 'கெஜல்' என்று வேறு பெயரோடு வந்து, அந்தப் பத்தாண்டு முடியுமுன் அதுவும் நின்றது.

எண்ணெயா, கிரீஸா?

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், மரை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறது. டிரனியன் என்பார்கள். அதற்குக் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இங்கேயும் கிரீஸ் அடித்துவிடும். கிரீஸ் மரையின் உள்வரை போகாது, அதற்குள் தண்ணீர் புகுந்து துரு ஏறும், தண்டு தேயும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். எத்தனை பளபளப்பாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் இந்த ஒரு துண்டைக் கவனிக்காத வண்டியில் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

மற்றபடி, நின்றால்தான் கார் கெடும். ஓடி வீணான கார்களைவிட நின்று வீணான கார்கள் அதிகம். வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைத்துவிடுவது போதாது. அது கெடுதலும் கூட. என்ஜின் முழுச் சூடு ஏறாவிட்டால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலக்கும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை முழுதும் மாற்றாவிட்டால் சக்கரத்துச் சிலிண்டர் உள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். டயரைப் பார்த்து, பட்டன் தேயவில்லையே என்று ஏமாறக் கூடாது. ரப்பர் வயதால் வெடிக்கும். பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் கண்டால் மாற்றியே ஆக வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் இது நேர் எதிர். கரகம்பாடி அமரராஜா தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் புது பாட்டரியை மாட்டுமுன் பழைய ஒயர்களைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய அமெரிக்க வண்டிகளில் பல 6 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றில் 12 வோல்ட் பாட்டரியை மாட்டினால் பல்பு முதல் டைனமோ வரை வரிசையாகப் போகும்.

பெட்ரோல் மாறிப்போயிற்று

பழைய கார்க்காரரை இன்று அதிகம் படுத்துவது பெட்ரோல்தான். இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. வால்வு வந்து உட்காரும் இடத்தை அந்த ஈயம் மெத்தை போலக் காத்துவந்தது. 2000-ம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. நம் குழந்தைகளின் மூளைக்கு அது நல்லது, அதில் சந்தேகமில்லை. அம்பாசிடர் போன்ற வார்ப்பிரும்பு ஹெட் கொண்ட வண்டிகளில் மட்டும், அதிக வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் வால்வு உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்துபோகும். ஹெட்டை இறக்கும் போது கடினமான வளையத்தை அங்கே பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது. நல்ல கடைசல் பட்டறையில் செய்கிற வேலைதான்.

இப்போது வந்திருப்பது எத்தனால். 2025-க்குள் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பங்குகளுக்கு வந்துவிட்டது. கரும்பு விளைவிக்கும் சித்தூர் விவசாயிக்கு எத்தனால் விரோதியல்ல. காருக்கோ வேறு கதை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்கி துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்பின் டயாபிரம், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் ஊறவைத்து மெத்தாக்கிவிடும். குழாய் வெடித்துச் சூடான என்ஜினின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆகையால், கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கும் வண்டியில் முதல் செலவு பெயிண்டுக்கு அல்ல. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களுக்கும் டயாபிரத்துக்கும், கையெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானுக்கும் செலவு செய்யுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் டாங்கியில் பழைய பெட்ரோலைத் தேங்க விடவும் கூடாது.

உதிரிப் பாகமும் கையும்

உதிரிப் பாகத்துக்கு நம்மவர்கள் ஓடுவது சென்னைக்குத்தான். புதிது என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையது என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக் குவியலில் ஹெரால்டின் கதவுக் கைப்பிடியைத் தேடி அரை நாள் செலவிட்டு, கிடைத்ததும் பேரம் பேச மறந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த ஆசாமிகள் உண்டு. பிரிட்டனில் ஹெரால்டுக்கும் மாரிஸுக்கும் இன்றும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். தபாலில் வரவழைக்கலாம், சுங்க வரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது உத்தமம்.

பாகம் கிடைத்துவிடும். கை கிடைப்பதுதான் கஷ்டம். 1930-க்கு முந்திய போர்டு என்ஜினில் இன்று போல மாற்றிப் போடுகிற பேரிங் கிடையாது. வெள்ளை உலோகத்தை உருக்கி, பேரிங் இடத்திலேயே வார்த்து, ஆறிய பின் கடைந்து, தண்டில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்து, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டி, மறுபடி மை தடவி மறுபடி சுரண்ட வேண்டும். தண்டு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படும் வரை இது நடக்கும். இதற்கு அளவுகோல் கிடையாது, விரல் நுனிதான். அதேபோல, நசுங்கிய மட்கார்டை மெழுகுப் பூச்சால் மூடாமல், மரச் சுத்தியாலும் இரும்புப் பட்டடையாலும் தட்டித் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவருகிற டிங்கர். மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்திய பழைய பாடிகளுக்கு வண்டித் தச்சர். இவர்களெல்லாம் இன்று வயதானவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடத்துக்குப் போனவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேஸ்திரி கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுத்து, அவர் பக்கத்தில் ஓர் இளைஞனை உட்கார வைப்பது. வேலை நடக்கும்போது ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வதும், கைப்பேசியில் படம் பிடித்துவைப்பதும் வண்டியின் விலையில் சேராத சொத்து.

கூடும் இடங்கள்

பழைய கார்களைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வழக்கத்துக்கு மூலம் இங்கிலாந்து. 1896 நவம்பரில் அங்கே மோட்டார் வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்த்தப்பட்டதைக் கொண்டாட, லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஓட்டினார்கள். அதன் நினைவாக, 1905-க்கு முன் செய்த வண்டிகள் மட்டும் இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் அதே வழியில் புறப்படுகின்றன. மழையில் நனைந்து, வழியில் நின்று, தள்ளப்பட்டு, எப்படியாவது போய்ச் சேர்கின்றன.

நம் நாட்டில் இதைப் பெரிதாக்கியது ஒரு பத்திரிகை என்பது நமக்கு மகிழ்ச்சி. ஸ்டேட்ஸ்மன் நாளேடு 1964-ல் டில்லியில் தன் பழைய கார் ஓட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கல்கத்தாவிலும் நடத்தியது. டில்லி ஓட்டங்களில் எல்லோரும் எதிர்பார்த்து நின்ற ஒரு வண்டி, ஜான் மாரிஸ் என்ற 1914-ம் வருஷத்துத் தீயணைப்பு எந்திரம். ஒரு காலத்தில் ஹைதராபாதில் நிஜாம் ரயில்வேயில் வேலை செய்த வண்டி அது. இப்போது டில்லி ரயில்வே அருங்காட்சியகத்தின் சொத்து.

சித்தூர்க்காரருக்குக் கூட்டங்கள் இரண்டு திசையில் இருக்கின்றன. கிழக்கே சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்கள், மேற்கே பெங்களூர்ச் சங்கங்கள். கார் இல்லாதவரும் போகலாம். யாரும் துரத்துவதில்லை, கேட்டால் பானெட்டைத் திறந்து காட்டி, மதியச் சாப்பாட்டை மறந்து பேசுகிறவர்கள்தான் அங்கே அதிகம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023 மே மாதம் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்த அருங்காட்சியகமும் இருக்கிறது.

போட்டிக்கு நிறுத்தும் காரில் நடுவர்கள் முதலில் தேடுவது அசல்தன்மையை. ஹாரன் அந்தக் காலத்துடையதா, ஹெட்லைட் கண்ணாடி கம்பெனியுடையதா, சீட்டுத் துணியின் தையல் எப்படி என்று பார்ப்பார்கள். கடையில் வாங்கிய பளபளக்கும் குரோமியச் சாமான் ஒவ்வொன்றும் மதிப்பெண்ணைத் தின்னும். வண்டியை லாரியில் ஏற்றி வந்து இறக்கி, துடைத்து, நிறுத்திவிட்டு, மறுபடி லாரியில் ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் காரும் அழகுதான். ஆனாலும் சாலையில் ஓடி, முகப்பில் பூச்சி ஒட்டிய கோலத்தில் வந்து நிற்கிற வண்டியைச் சுற்றித்தான் நாம் நிற்போம்.

மொகிலி ஏற்றம்

சித்தூரிலிருந்து பெங்களூர் கூட்டத்துக்குப் புறப்படுகிறவருக்கு உண்மையான பரீட்சை பலமநேருக்கு முன்னால் வரும் மொகிலி கணவாய். விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். கார் சூடாகும் முன் ஏற்றம் முடிந்துவிடும், லாரிகளும் குறைவு. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். இடது ஓரம் நம்முடையது. தண்ணீர் இரண்டு கேன், விசிறி பெல்ட் ஒன்று, பிளக் இரண்டு, பாயிண்ட் ஒரு செட், கொஞ்சம் கட்டுக் கம்பி, ஒரு பழைய துணி கையோடு இருக்கட்டும்.

அந்தத் துணி துடைக்க மட்டுமல்ல. ஏற்றத்தில் என்ஜின் திடீரென்று திக்கித் திணறி நின்று, செல்ஃப் அடித்தும் எடுக்காவிட்டால், பெரும்பாலும் பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். துணியை நனைத்து பம்பின் மேல் சுற்றிக் கால் மணி நேரம் பொறுத்தால் வண்டி எடுத்துவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அந்த நேரத்தில் தொடக் கூடாது. ஊசி இறங்கும் வரை டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள்.

திரும்பும்போது அதே இடம் இறக்கம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து காலை வைத்து அழுத்தினால் சூடேறி, பிடிப்பு போய்விடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். சித்தூர் எங்கும் ஓடிப் போகாது.